நீர் இல்லாத ஆறு

ஜப்பானின் கியோத்தோ நகரில், வடமேற்குப் பகுதியில், ரியோஆன்ஜி என்னும் ஜென் பௌத்த மடம் உள்ளது. அதன் முற்றத்தில் ஒரு தோட்டம். நீளம் ஏறத்தாழ 25 மீட்டர், அகலம் 10 மீட்டர். நம் ஊர்க் கணக்கில் 6 சென்ட்டுக்குச் சற்று மிகுதி. அந்த 6 சென்ட்டில் மரமோ பூச்செடியோ கிடையாது. சொட்டு நீரும் கிடையாது. வெண்ணிறப் பொடிக்கல்லைப் பரப்பி, மர வாரியால் கோடு கோடாக இழுத்து வைத்திருக்கிறார்கள். இடையிடையே ஐந்து கூட்டமாக 15 கற்கள். அவற்றின் அடியைச் சுற்றி மட்டும் சிறிது பாசி. அப்பால் தாழ்ந்த மண்சுவர். எதிரே உள்ள மரத் திண்ணையில் பல நாட்டு மக்கள் வந்து அமர்ந்து, பேசாமல் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 1994-இல் கியோத்தோவின் பழஞ்சின்னங்களை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக ஏற்றபோது இம்மடமும் அப்பட்டியலில் இடம்பெற்றது.

சிறுநீரக மருத்துவர் எழுதும் பக்கத்தில் ஜப்பானியத் தோட்டத்துக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். இவ்விதழைக் கையில் எடுப்போரில் பலர் டயாலிசிஸ் செய்துகொள்வோர், அல்லது அவர்களுக்குத் துணையாக வந்து வெளியே அமர்ந்திருப்போர். அவர்களிடம் மருந்தைப் பற்றிப் பேசுவதைவிடத் தண்ணீரைப் பற்றியே நான் மிகுதியாகப் பேசுகிறேன். சிறுநீர் ஏறக்குறைய நின்றுபோன ஒருவருக்கு, பொதுவாக ஒரு நாளைக்கு ஒரு லிட்டரை ஒட்டியே அளவு வைக்கிறோம். காப்பி, ரசம், மோர், கஞ்சி, மாத்திரை விழுங்கும் நீர் அனைத்தும் அதில் அடக்கம். நான்கு மணி நேர டயாலிசிஸின்போது இயந்திரத்தின் வழியே ஏறத்தாழ 120 லிட்டர் திரவம் பாய்ந்து செல்கிறது. அதன் பெரும்பகுதி தூய நீர். அதன் அருகே படுத்திருப்பவரோ அரை டம்ளருக்குக் கணக்குப் பார்க்கிறார். நீர் அருகிலேயே இருந்தும் அதை விலக்கி வாழவேண்டிய நிலை இது. இந்நிலையில் உள்ளோர், நீரை முற்றிலும் விலக்கிவிட்டு நீரைக் காட்டும் ஒரு கலையைப் பற்றி அறிந்திருப்பது நல்லது என்று கருதியே இதை எழுதுகிறேன்.

இவ்வகைத் தோட்டத்துக்கு ஜப்பானிய மொழியில் கரேசான்சுய் என்று பெயர். கரே என்றால் வறண்ட. சான் என்றால் மலை. சுய் என்றால் நீர். இச்சொல் 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சாகுதெய்கி என்னும் தோட்டக்கலை நூலிலேயே காணப்படுகிறது. அங்கே அது, பெரிய தோட்டம் ஒன்றில் குளமும் ஓடையும் இல்லாத ஒரு மூலையில் கற்களை நிறுத்துவதை மட்டுமே குறித்தது. 14-ஆம் நூற்றாண்டில் முசோ சோசெகி என்னும் துறவி, சாய்ஹோஜி மடத்தின் மலைச்சரிவில், நீர் விழாத அருவி ஒன்றைக் கற்களால் அடுக்கியதாக மரபு கூறுகிறது. 1467 முதல் 1477 வரை நடந்த ஓனின் போர் கியோத்தோவின் பெரும்பகுதியைச் சாம்பலாக்கியது, ரியோஆன்ஜியும் எரிந்தது. போருக்குப் பின் எழுந்த சிறிய மடங்களில்தான் இக்கலை முதிர்ந்தது. இடமும் பொருளும் குறைந்துபோனது இதற்கு ஒரு காரணமாகலாம். ஆனால் தண்ணீர்ப் பஞ்சம் காரணம் அன்று. திருப்பூரைப்போல் இருமடங்குக்கும் மேல் மழை பெறும் ஊர் கியோத்தோ. நீர் தாராளமாக இருந்த இடத்தில், அதை வேண்டுமென்றே வெளியே நிறுத்தினார்கள்.

நீரை வெளியே நிறுத்திவிட்டு அதை எப்படிக் காட்டுவது? இதற்கு ரியோஆன்ஜியைவிட எளிதில் விளங்கும் எடுத்துக்காட்டு, அதே நகரில் தாய்தோகுஜி மடத்துக்குள் அமைந்துள்ள தாய்சென்-இன். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைந்த இந்தத் தோட்டம், கட்டடத்தை ஒட்டிய மிகக் குறுகிய இடத்தில் தொடங்குகிறது. மூலையில் உயரமான கற்கள் நிமிர்ந்து நிற்கின்றன, அவை மலை. அம்மலையிலிருந்து அருவி விழுவதாகக் கற்களை அடுக்கியிருக்கிறார்கள். அருவியின் அடியிலிருந்து வெண்பொடிக்கல் ஆறாக இறங்குகிறது. பலகை போன்ற ஒற்றைக் கல்லாலான பாலத்தின் கீழ் நுழைகிறது. பாறைகளைச் சுற்றி வளைகிறது. படகு வடிவக் கல் ஒன்று அதன்மேல் மிதக்கிறது. பிறகு ஆறு அகன்று, கட்டடத்தின் மறுபக்கத்தில், பொடிக்கல்லைக் குவித்த இரண்டு கூம்புகளைத் தவிர வேறொன்றும் இல்லாத வெண்பரப்பில் முடிகிறது. அது கடல். மலையிலிருந்து கடல் வரை ஓர் ஆற்றின் வாழ்க்கை முழுவதும், ஒரு வீட்டின் தாழ்வாரத்தைச் சுற்றி வரும் தொலைவுக்குள் அடங்கிவிடுகிறது. இதில் ஓடுவது பார்ப்பவரின் கண் மட்டுமே.

பொடிக்கல் என்று எழுதினேன். மணல் என்று பலர் குறிப்பிடுவது முழுதும் சரியன்று. கடற்கரை மணல் அளவுக்கு நுண்ணியதாக இருந்தால் காற்றில் பறக்கும், கோடும் நிற்காது. கருங்கல் வகையைச் சேர்ந்த வெளிர்நிறப் பாறை சிதைந்து உண்டான, சில மில்லிமீட்டர் அளவுள்ள குருணை அது. அதன் முனைகள் மழுங்காமல் கூராக இருப்பதால் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. வாரியின் பல் எழுப்பிய சிறு வரப்பு சரியாமல் நிற்கிறது. கியோத்தோவின் ஷிராகாவா ஆற்றுப் பகுதிக் கல் இதற்குப் பேர்பெற்றது. ஷிராகாவா என்ற சொல்லுக்கே வெள்ளாறு என்றுதான் பொருள். நேர்க்கோடு அமைதியான நீர், வளைகோடு அலை, கல்லைச் சுற்றிய வட்டங்கள், கரையில் மோதித் திரும்பும் சிற்றலை. இலை உதிரும், பறவை நடக்கும், மழை அடிக்கும், கோடு கலையும். மடத்தில் இருப்போர் மீண்டும் இழுப்பார்கள். இழுப்பவர் பின்னோக்கி நடந்தவாறே இழுக்கவேண்டும்; இல்லையேல் தம் காலடியைத் தாமே பதித்துவிடுவார். விடியலில் வாசல் தெளித்துக் கோலமிட்டு, பின்னாலேயே நகர்ந்து படியேறும் நம் வீட்டுப் பெண்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. பள்ளி வண்டி வருவதற்குள் பாதிக் கோலம் மிதிபட்டுவிடும் என்று தெரிந்தேதான் புள்ளி வைக்கிறார்கள்.

ரியோஆன்ஜியின் 15 கற்களைத் திண்ணையில் எந்த இடத்தில் அமர்ந்து எண்ணினாலும் 14 மட்டுமே கண்ணுக்குத் தெரியும் என்பார்கள். ஏதேனும் ஒரு கல் மற்றொன்றின் பின்னே மறைந்துவிடுகிறது. சற்று நகர்ந்தால் மறைந்தது வெளிப்படும், வெளிப்பட்டிருந்தது மறையும். இதற்குத் தத்துவ விளக்கங்கள் பல உண்டு. தாய்ப்புலி தன் குட்டிகளோடு ஆற்றைக் கடக்கிறது என்பாரும், கடலில் தீவுகள் என்பாரும், மேகத்துக்கு மேலே எழுந்த மலைமுடிகள் என்பாரும் உளர். இவற்றைவிட எனக்குப் பிடித்தது 2002-இல் நேச்சர் அறிவியல் இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு. கெர்ட் வான் டொண்டரும் அவருடைய குழுவினரும் கற்களை விட்டுவிட்டு, கற்களுக்கு இடையேயுள்ள வெற்றிடத்தை அளந்தார்கள். கற்கூட்டங்களிலிருந்து சம தொலைவில் செல்லும் கோடுகளைக் கணக்கிட்டு வரைந்தபோது, கிளை பிரிந்த மரம் போன்ற வடிவம் கிடைத்தது. அதன் அடிமரம், மண்டபத்திலிருந்து தோட்டத்தைப் பார்ப்பதற்கான நடு இடத்தை நோக்கி வந்து சேர்ந்தது. கணினியில் கற்களைக் கண்டபடி இடம் மாற்றிப் பார்த்தார்கள். அந்த ஒழுங்கு கிடைக்கவில்லை. வெறுமை என்று நாம் கடந்து செல்லும் பரப்பில் ஓர் அமைப்பு இருக்கிறது; அறிவு அதைக் கண்டுகொள்வதற்கு முன்பே கண் அதை உணர்ந்துவிடுகிறது என்பது அவர்களது கருத்து.

தோட்டத்தை வடிவமைத்தவர் யார் என்று உறுதியாகத் தெரியவில்லை. ஆனால் கற்களுள் ஒன்றின் பின்புறத்தில் இரண்டு பெயர்கள் செதுக்கப்பட்டுள்ளன. ஆற்றங்கரை ஆட்கள் என்று அழைக்கப்பட்டு, சமூகத்தின் கடைசிப் படியில் வைக்கப்பட்டிருந்த தொழிலாளர் இருவரின் பெயர்கள் அவை என்று கருதப்படுகிறது. அக்காலத் தோட்டங்களில் கல் புரட்டியோரும் மண் சுமந்தோரும் அவர்களே. தைத்தவர் பெயர் இல்லாமல் பனியன்கள் கப்பலேறும் ஊரில் வாழும் நமக்கு, இந்தச் செய்தி மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாகப் புரியும்.

இத்தோட்டத்தின் படத்தை எங்கள் பிரிவில் ஒருவரிடம் காட்டினேன். முப்பது ஆண்டுகள் பவர்டேபிளில் தைத்தவர். காங்கேயத்துப் பக்கம் சொந்த ஊர். நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஏனுங் டாக்டர், இது எங்கூருக் கொறங்காடு மாதிரியில்லீங்க இருக்குது?" என்றார். கொறங்காடு என்பது மழையை மட்டுமே நம்பிய மேய்ச்சல் நிலம். முள்கிளுவை வேலி, கொழுக்கட்டைப் புல், இங்கொன்றும் அங்கொன்றுமாக வெள்வேல மரம், மேயும் காங்கேயம் மாடு. கோடையில் புல் காய்ந்து நிலம் முழுவதும் வெளிறிவிடும்போது, வேலியின் கோடும் மரத்தின் நிழலும் பாறையின் வடிவமும் தனித்தனியே எழுந்து நிற்கும். ஒன்று துறவியர் பார்ப்பதற்கென்று அமைத்தது. மற்றொன்று உழவர் பிழைப்பதற்கென்று காத்தது. ஒப்புமை அவ்வளவுதான். எனினும் பச்சை இருந்தால்தான் அழகு என்று கருதாத கண், கொங்கு நாட்டாருக்குப் பிறப்பிலேயே வாய்த்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

இனி மருத்துவத்துக்கு வருவோம். தோட்டம் மருந்தாகாது. எந்தக் கல்லும் கிரியாட்டினின் அளவைக் குறைக்காது. நோயாளியின் கண்ணில் படும் காட்சிக்கு உடலில் விளைவு உண்டா என்ற வினாவுக்கு மட்டும் ஓரளவு விடை இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் உல்ரிச், பென்சில்வேனியா மாநில மருத்துவமனை ஒன்றின் 1972 முதல் 1981 வரையிலான பதிவேடுகளை ஆராய்ந்து, 1984-இல் சயன்ஸ் இதழில் வெளியிட்டார். பித்தப்பை அறுவைச் சிகிச்சை பெற்ற 46 பேரில் பாதிப்பேரின் சன்னலுக்கு வெளியே மரங்கள். மறுபாதிக்குச் செங்கல் சுவர். மரத்தைப் பார்த்தவர்கள் அறுவைக்குப்பின் சராசரியாக 7.96 நாளிலும், சுவரைப் பார்த்தவர்கள் 8.70 நாளிலும் வீடு திரும்பினார்கள். மரத்தைப் பார்த்தவர்களுக்கு வீரியமிக்க வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. சிறிய ஆய்வு, அதிலும் கல்லன்று, மரம். இதை வைத்துக்கொண்டு பெரிதாக எதையும் நிறுவ முடியாது. ஆயினும் மருத்துவமனை கட்டுவோர் சன்னலைப் பற்றிக் கூடுதலாக யோசிக்க இது ஒரு தூண்டுதலாக அமைந்தது.

ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் என்னும் உளவியல் இணையரின் விளக்கம் நம் ஊருக்கு இன்னும் பொருத்தமானது. முயன்று ஒன்றைக் கவனிப்பது ஒரு வகை. முயற்சியின்றி ஒன்றில் மனம் தங்குவது மற்றொரு வகை. முதல் வகை களைப்பைத் தரும்; இரண்டாவது அக்களைப்பைப் போக்கும். செக்கிங் பிரிவில் குழல்விளக்கின் கீழ் நாள் முழுதும் துணியில் துளையும் கறையும் தேடுவோர் முதல் வகையை நன்கு அறிவர். டயாலிசிஸ் படுக்கையும் ஏறக்குறைய அதைப் போன்றதே. எத்தனை மணி ஆயிற்று, அழுத்தம் எவ்வளவு, அந்த மணி எதற்கு ஒலித்தது, கை அசைந்துவிட்டதா என்று நான்கு மணி நேரம் மனம் காவல் காக்கிறது. கைபேசியும் தொலைக்காட்சியும் பொழுதைப் போக்கும். காவலை முழுவதும் தளர்த்துவதில்லை. குறைவான பொருள்கள், நிதானமாக விலகி நிற்பவை, எதையும் கேட்காதவை கண்முன் இருந்தால் மனம் சற்று இறங்கி அமரும். கரேசான்சுய் தோட்டங்களின் அமைதிக்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம்.

தாகத்தைப் பற்றியும் இங்கே சொல்லியாகவேண்டும். தண்ணீரைக் குறைக்க இயலாதவர்களை மனத்திடம் இல்லாதவர் என்று வீட்டார் கடிந்துகொள்வதைப் பார்க்கிறேன். அது நியாயமன்று. குருதியில் உப்பின் அடர்த்தி சிறிது கூடினாலும் மூளை தாகத்தை எழுப்பும். அதை எந்த மனத்திடத்தாலும் நெடுநேரம் தள்ளிவைக்க முடியாது. ஏறத்தாழ 9 கிராம் உப்பு உடலுக்குள் சென்றால், அதைச் சமன்செய்ய உடல் ஒரு லிட்டர் நீரைக் கேட்டு வாங்கிவிடும். ஆகவே தண்ணீரைக் குறைக்கச் சொல்வதற்கு முன் ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர், பேக்கரிப் பண்டம் ஆகியவற்றைக் குறைக்கவேண்டும். ஒரு நாளின் மொத்த உப்பு ஒரு தேக்கரண்டிக்குள், அதாவது 5 கிராமுக்குள் நிற்கட்டும். பொட்டாசியம் கலந்த மாற்று உப்புகளை வாங்காதீர்கள். சிறுநீரகம் பழுதானவருக்கு அவை ஆபத்து. நீரிழிவு உள்ளவருக்குச் சர்க்கரை ஏறியிருந்தாலும் தாகம் கூடும்.

உங்கள் அட்டையில் ட்ரை வெயிட் என்று ஓர் எண் எழுதியிருக்கும். உலர் எடை என்று தமிழில் சொல்லலாம். மிகுதி நீர் இல்லாதபோது உங்கள் உடலின் எடை அது. இரண்டு டயாலிசிஸுக்கு இடையே கூடும் ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர். அது அளவு மீறினால் மூச்சு திணறும், இரத்த அழுத்தம் ஏறும். நான்கு மணி நேரத்தில் அத்தனையையும் இழுக்க முயன்றால் அழுத்தம் சரிந்து, கெண்டைக்காலில் தசைப்பிடிப்பு வரும்.

அனுமதித்த நீரைக் காலையிலேயே ஒரு புட்டியில் நிரப்பி வைத்துக்கொள்ளுங்கள். காப்பி, ரசம், மோருக்கு உரிய பங்கை முன்பே கழித்துவிடுங்கள். பெரிய டம்ளரை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, விழாக்களில் பாயசம் ஊற்றும் சிறிய குவளையைப் பயன்படுத்துங்கள். வாய் உலர்ந்தால் கொப்பளித்துத் துப்பலாம்; கணக்கில் சேர்த்துக்கொண்டு ஒரு பனிக்கட்டியை வாயில் அடக்கலாம். குடிக்கும்போது அமர்ந்து, வேறு வேலை எதுவும் செய்யாமல், அதையே கவனித்துக் குடியுங்கள். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டு குடித்த நீர் கணக்கிலும் வருவதில்லை, தாகத்தையும் தீர்ப்பதில்லை என்று பல நோயாளிகளே என்னிடம் கூறியிருக்கிறார்கள். உடனிருப்போருக்கு ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு மிடறுக்கும் காவல் நிற்காதீர்கள். சமையலில் உப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், அது போதும்.

வீட்டில் கல்தோட்டம் ஒன்று செய்து பார்க்க விரும்புவோர் கடையில் விற்கும் விலையுயர்ந்த பெட்டியைத் தேடவேண்டாம். விளிம்புள்ள பழைய எவர்சில்வர் தட்டு, மீன் தொட்டிக்குப் போடும் குருணைக்கல், மூன்று கூழாங்கல், பல் அகன்ற சீப்பு ஆகியவை போதும். குருணையை நன்கு கழுவி உலர்த்துங்கள். தூசு நுரையீரலுக்கு நல்லதன்று. ஃபிஸ்டுலா உள்ள கையால் கனமான கல்லைத் தூக்கக்கூடாது. சீப்பால் கோடிழுப்பதில் தடையில்லை. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் தட்டு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். டயாலிசிஸ் அறைக்குள் மட்டும் இதைக் கொண்டுவரவேண்டாம். ஊசி செருகிய இடத்தருகே தூசும் மண்ணும் கூடாது.

மருத்துவமனை வளாகத்துக்கு இவ்வகைத் தோட்டம் வேறொரு வகையிலும் ஏற்றது. சிறுநீரக மாற்றுச் சிகிச்சை பெற்றவர்கள் எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்து உட்கொள்வதால், ஈர மண்ணில் வளரும் பூஞ்சை அவர்களுக்குத் தீங்கு செய்யலாம். பூந்தொட்டிகளை அவர்கள் படுக்கையருகே வைப்பதில்லை. தேங்கிய நீர் இருந்தால் டெங்கு பரப்பும் கொசு பெருகும். கழுவிய கல்லில் இவ்விரண்டு தொல்லைகளும் இல்லை.

நம் டயாலிசிஸ் பிரிவின் கிழக்குச் சன்னலுக்கு வெளியே, மதில்வரை, ஒன்பதடி அகலத்தில் ஒரு துண்டு நிலம் கிடக்கிறது. இப்போது அங்கே உடைந்த கட்டில்களும் காலிக் கேன்களும் குவிந்துள்ளன. அவற்றை அகற்றி, குருணை பரப்பி, ஐந்தாறு கற்கள் நிறுத்த அனுமதி கேட்டு நிர்வாகத்துக்கு எழுதியிருக்கிறேன். காங்கேயத்துப் பக்கம் கல்லுக்குக் குறைவில்லை. சிக்கல் வேறொன்றில் இருக்கிறது. சன்னலின் அடிவிளிம்பு உயரமாக இருப்பதால், படுத்திருப்பவருக்கு நிலத்தின் முன்பாதி தெரிவதில்லை. நின்று பார்க்கும் எனக்குத் தெரிவதும் அவர்களுக்குத் தெரிவதும் ஒன்றல்ல. எனவே இம்மாதம் சிகிச்சைக்கு வருவோர், படுக்கை எண்ணையும், படுத்தநிலையில் சன்னல் வழியே மதிலின் எந்தப் பகுதி வரை தெரிகிறது என்பதையும் செவிலியர் மேசையில் உள்ள ஏட்டில் எழுதித் தந்தால், கற்களை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்ய உதவியாக இருக்கும். எழுத முடியாதவர்கள் உடனிருப்போரிடம் சொல்லி எழுதச் செய்யலாம்.